ஏரி நிறுத்தம்

சரளைக்கல் பாதை காலை வாருகிறது. முன்னால் போகிறவர்கள் வேர், பாறை, அடுத்தவர் முதுகுப்பை என்று கிடைத்ததைப் பற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். பேருந்து நடத்துனர் மட்டும் கைகளைத் தொங்கவிட்டு, கால்களைச் சற்று அகட்டிவைத்து, வளைவில் திரும்பும் வண்டிக்குள் டிக்கெட் கிழிக்கிறவராகவே நடக்கிறார். கல் உருண்டால் உடம்பு தானாக மறுபக்கம் சாய்ந்து நிமிர்கிறது. “எதையாவது பிடிச்சுக்கிட்டு வாங்களேன்!” என்கிறாள் பின்னால் மூச்சு வாங்க வரும் மனைவி. “பதினெட்டு வருஷமா ஓடுற பஸ்லயே பிடிக்காம நிக்கிறவன் நான். இந்த மலை சும்மாதானே நிக்குது!”

அடிவாரத்தில் “ஏரியெல்லாம் எறங்கு!” என்று தினமும் கூவுகிறவர். ஏரி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம், “சும்மா கண்ணாடி மாதிரி” என்று அடித்துச் சொல்கிறவர். ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலக, கீழே ஏரி விரிகிறது. காற்று பட்ட இடமெல்லாம் பச்சை நீலமாகிறது, நீலம் வெள்ளியாகிறது. மேகத்தின் நிழல் ஒன்று இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்குகிறது. “என்ன, கண்ணாடிதானா?” என்கிறாள் மனைவி. தரை சமமாக இருக்கும் அந்த இடத்தில், அவர் கை பக்கத்தில் துழாவி, அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.