வலிக்காத வளைப்பு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட் முன்னால், சுகிர்தாவின் மூன்று பிக்அப் வண்டிகளும் காலை வெயிலில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. மூன்றும் ஒரே மாடல்தான், வருஷம்தான் வேறு. வட்ட லைட்டு வைத்தது முதலில் வாங்கியது. சதுர லைட்டு அதற்குப் பின் வந்தது. நீண்டு சரிந்த லைட்டும் புதுப் பெயிண்ட் வாசனையுமாக, நெற்றியில் ரோஜா மாலையோடு மினுங்குவது இன்றைக்கு வந்திறங்கியது. பழைய இரண்டோடும் இருபது வருஷம் மல்லுக்கட்டியதில் சுகிர்தாவின் வலது தோள்பட்டை போய்விட்டது. அந்தக் கனத்த ஸ்டியரிங்கை இனித் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. புதியதில் பவர் ஸ்டியரிங் என்கிறார்கள். அவள் ஏறி உட்கார்கிறாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமாமல் மெல்ல முனகுகிறது. பூக்கூடைகளும் சைக்கிள்களும் அடைத்துக் கிடக்கும் சந்தில் வண்டியைத் திருப்ப வேண்டும். வலி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வளைக்கிறாள். வலி வரவில்லை. உள்ளங்கைக்குள் ஸ்டியரிங் வெண்ணெயாக வழுக்கிச் சுற்றுகிறது. இடக்கையை எடுத்துவிட்டு, அந்த வலக்கையால் மட்டும் இன்னும் வளைக்கிறாள். வண்டி ஒரே மூச்சில் திரும்பிவிட, பூக் கட்டும் பெண்கள் நாரைப் போட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள்.

“ஏங்க, நோவலங்க! கொஞ்சங்கூட நோவல!” என்று ஜன்னல் வழியாகக் கத்துகிறாள்.

கணவன் தங்கப்பழம் கையில் தேங்காயோடு பின்னால் ஓடிவருகிறான்.

“ஏட்டி, நில்லு! இன்னும் தேங்கா உடைக்கல!”

அதற்குள் அவள் ஹாரனை நீளமாக அடித்தபடி புளியங்குடி ரோட்டில் ஏறிவிடுகிறாள்.