நாற்பது புள்ளிகள்

மானிட்டர் அணைந்து கிடந்தது. அவள் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவர் காப்பி டம்ளரோடு அறை வாசலில் நின்றுவிட்டார்.

அவளுடைய சுட்டுவிரல் ஸ்பேஸ் பாரின் மேல் இருந்தது. முகம் திரைக்கு நேராக இருந்தது. கறுத்த கண்ணாடியில் ஜன்னலும் அவள் முகமும் மட்டும் தெரிந்தன.

அழுத்தினாள். காத்திருந்தாள். அழுத்தினாள்.

ஒரு முறைகூட பீப் ஒலி வரவில்லை.

அவள் பார்வையைச் சோதிக்க நிரல் எழுதி, அந்த பீப்பை வைத்தவரே அவர்தான். திரையில் எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். ஒரு விநாடி இருக்கும். அதற்குள் அழுத்த வேண்டும். அடுத்தது இரண்டு விநாடியிலும் வரலாம், ஆறிலும் வரலாம். புள்ளி இல்லாத நேரத்தில் அழுத்தினால் பீப். மொத்தம் நாற்பது புள்ளிகள்.

ஏமாற்ற வழியே இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

மனைவி பாக்கியத்துக்குக் கண்ணில் பிரஷர். "போன பார்வை போனதுதாங்க. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே இவர் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினார். மிச்சம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்தே கம்ப்யூட்டரில் பேசிக் மொழியில் நிரல் எழுதிப் படம் போடுவார். கோபுரம், மயில், கோடு கோடாகச் சுழலும் பூ. யாரும் கேட்காத வேலை. "ஐயா பூ போட்டுட்டு இருக்காரு, அப்புறமா வாங்க" என்று வருகிறவர்களிடம் அவள் சொல்வாள்.

உருப்படியாக எழுதியது இது ஒன்றுதான்.

முதல் வாரம் முப்பத்தொன்று. பிறகு இருபத்தாறு. பிறகு ஏறியது. முப்பத்து மூன்று. முப்பத்தெட்டு. மூன்று வாரமாக தினமும் நாற்பது. தினசரி காலண்டர் தாளில் எழுதிவைத்தார். சொட்டு மருந்து கேட்கிறது என்று மருந்துக் கடைக்காரரிடம்கூடச் சொன்னார். டாக்டர் சொன்னது வசதியாக மறந்துபோயிருந்தது.

மானிட்டரின் வயர் எப்போதும் லொடலொட. குனிந்து அழுத்தினார். திரை வந்தது.

நாற்பதுக்கு நாற்பது.

"எவ்ளோ?" என்றாள்.

"நாப்பது."

"பரவாயில்லையே" என்று டம்ளருக்காகக் கையை நீட்டினாள். கை ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

அவர் டம்ளரை அந்தக் கைக்குக் கொண்டுபோனார்.

அவள் ஒரு விரலை டம்ளருக்குள் லேசாக விட்டு அளவு பார்த்துக்கொண்டாள். அதென்ன கெட்ட பழக்கம் என்று நேற்றுதான் அவளைக் கடிந்துகொண்டார்.

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வாரமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறாள்.

எப்படி என்று புரியவில்லை. அவள் குளிக்கப் போனதும் நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தார். தொண்ணூற்று நான்கு வரிகள். எல்லாம் சரியாக இருந்தன. இல்லாத வரியைக் கண்டுபிடிக்கத்தான் நேரமானது.

ரேண்டமைஸ் டைமர்.

அந்த ஒரு வரியை எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் புதிதாக எதையும் யோசிக்காது. ஒவ்வொரு முறையும் அதே இடங்கள், அதே இடைவெளிகள். பேசிக் படிக்கிற முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். முப்பது வருஷம் பூ போட்ட மனுஷன் மறந்திருந்தார்.

அவளோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள். பதினைந்து மெஷின்கள் ஒன்றாக அடிக்கும். எது தடுமாறுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். நாற்பது இடைவெளிகள் அவளுக்கு எம்மாத்திரம்? பீப் வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்காக.

கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததைத் தாங்க முடியவில்லை.

ஆனாலும் அந்த வரியை எழுதினார். ஒரு பத்துப் புள்ளியாவது அவள் கண்ணுக்குத் தெரியாதா என்று ஆசை. ஐந்து புள்ளியாவது.

மறுநாள் காலை. வயரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். அவள் வந்து உட்கார்ந்தாள். எண்டரைத் தட்டினாள்.

காத்திருந்தாள். அழுத்தினாள்.

பீப்.

வலது மூலையில் ஒரு புள்ளி வந்து போனது. அவள் முகம் அசையவில்லை.

அழுத்தினாள்.

பீப்.

நட்டநடுவில் ஒரு புள்ளி. அவள் மூக்குக்கு நேராக. அதுவும் போனது.

அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திட்டீங்களா?"

மூன்றாவது புள்ளியும் வந்து போனது.

ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியிலிருந்த கையை எடுத்து ஸ்பேஸ் பாரின் மேல் வைத்தார். அவள் விரலின் மேல் தன் விரலை வைத்தார்.

இடது ஓரத்தில் ஒரு புள்ளி. அழுத்தினார்.

முதலில் அவள் விரல் விறைப்பாக இருந்தது. ஏழெட்டுப் புள்ளிகளுக்குப் பிறகு தளர்ந்தது. பீப் வரவில்லை. வெளியே தண்ணீர் லாரிக்குக் குடங்கள் கூடும் சத்தம் கேட்டது. எதுவும் விட்டுப்போகாமல் கடைசிவரை அழுத்தினார்கள்.

"எவ்ளோ?"

"முப்பத்தேழு."



"நேத்தைவிட மூணு கம்மி."

"அந்த மூணும் நான் விட்டது, பாக்கியம்" என்றார்.