எதிர்க் கம்பெனி போர்டு

மூன்று வாரமாகத் தண்ணி காட்டிய கம்ப்யூட்டர் அன்று காலை ஒரே தட்டலில் உயிர்பெற்றது. அதற்குள் இருந்த மதர்போர்டு, எதிர்க் கம்பெனி தயாரித்தது. போர்டிலேயே பதித்து வரும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள், இந்த ஆபீஸில் எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உள்ளேயே விடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டம் வெளியீட்டுக்கு இரண்டே நாள் பாக்கி.

மேனேஜருக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் வந்தது.

"எப்படிம்மா சரி பண்ணினே?"

இன்ஜினீயர் பெண் தயங்கினாள். "அந்தக் கம்பெனியில ஃபர்ம்வேர் எழுதறவங்களாம் சார். நேத்து அவங்களே கூப்பிட்டு, ஒரே ஒரு வரியை மாத்தச் சொன்னாங்க. பேர் சொல்லல."

"சொந்தக் கம்பெனி ரகசியத்தை வெளிய விடறதா? அவங்க ஆபீஸ்ல புகார் பண்ணாம விடமாட்டேன். முதல்ல பேரைக் கேப்போம். அந்த நம்பருக்கே போடு போனை, ஸ்பீக்கர்ல."

"பாவம் சார், நமக்கு நல்லதுதானே பண்ணாங்க?"

"போடும்மா!"

இரண்டாவது மணியிலேயே ஒரு பெண்குரல் கேட்டது.

"என்னம்மா, ஓடுதா? அப்பாடா! இனிமேலாவது உங்க மேனேஜர் வீட்டுல மனுஷனா நடமாடுவார். மூணு வாரமா சோறு இறங்கல, தூக்கத்துலகூட 'போர்டு, போர்டு'ன்னு புலம்பறார். நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே."

மேனேஜரே எட்டி போனை அணைத்தார். வீட்டில் ஆபீஸ் பேச்சே கூடாது என்று கல்யாணமான புதிதில் மனைவிக்குச் சட்டம் போட்டவர் அவர்தான்.

இன்ஜினீயர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "புகாரை யார் பேர்ல எழுதட்டும் சார்?"

"அது ராங் நம்பர்மா," என்றார் மேனேஜர்.

அன்று ஐந்து மணிக்கே அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.