மூன்று எழுத்து

முழங்கால் வலியால் படியேற முடியாத கணக்கர், மாடி அறையிலிருந்த லினக்ஸ் கணினிக்குள் கூடத்து மடிக்கணினி வழியாகவே நுழையப் பார்த்தார். சொல்லிக்கொடுக்க வந்த மச்சினன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் தங்கக் கேட்ட அந்த மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர் அல்லவா இவர்.

"மாடிக் கணினியை நம்பி இணைக்கலாமா?" என்று திரை கேட்டது. கணக்கர் 'ஒய்' மட்டும் தட்டினார். திரை மறுபடியும் அதையே கேட்டது.

"ஒய், இ, எஸ்னு மூணு எழுத்தையும் அடிங்க மச்சான். இதுலயுமா கஞ்சத்தனம்?"

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

மூன்றையும் தட்டினார். இணைப்பு கிடைத்தது. அவர் கையை எடுத்த பிறகு திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. "கூடத்துக் கணினியை நம்பி இணைக்கலாமா?"

"என்னடா விளையாட்டு இது?"

"நான் எதையும் தொடல மச்சான். இது மாடியில இருக்கிறவங்கள கேக்குது."

"மாடியில யாருடா இருக்கா?"

கணக்கர் இடுப்பைத் தடவினார். சாவி பத்திரமாக இருந்தது. மேலே, பூட்டிய அறைக்குள், யாரோ நிதானமாக மூன்று எழுத்துகளைத் தட்டும் சத்தம் கேட்டது.