நெருப்பு, புயல், பிறகு நாங்கள்

படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

இடது கை மேலே நிற்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. பின்னால் கார்டினர் நெடுஞ்சாலை, அதை அடைத்துக்கொண்டு எங்கள் சனம். 2009, மே மாதம்.

ரொறன்ரோவைத் திருப்பிப்போட்ட நாட்கள் என்று ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். முதல் சுவரில் நகரத்தை எரித்த நெருப்பு. அடுத்ததில் வீடுகளை ஆற்றோடு இழுத்துக்கொண்டு போன புயல்.

அதற்கடுத்த சுவரில் நாங்கள். நல்ல வரிசை.

என்னைக் கூட்டிவந்தவள் நதீஷா. எங்கள் கட்டடத்தில் வளர்ந்த பிள்ளை, இந்தக் கண்காட்சியில் வேலை செய்கிறாள். படத்தில் என்னைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

கையில் பேனை வைத்திருந்தாள். பேனையோடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. காணாமல்போனவர்களின் பெயரை எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எழுதிய ஒருவரையும் திருப்பித் தரவில்லை.

"அமிர்தம் அங்கிள், யூ லுக் சோ பவர்ஃபுல்! என்ன சொல்லிக் கத்துறீங்கள்? படத்துக்குக் கீழ போடவேணும்."

"போட்டு என்னத்தைக் கிழிக்கப்போறாய்?"

"கிழிக்கேல்லை அங்கிள், ஒட்டப்போறன்."

தன் பகிடிக்குத் தானே சிரித்தாள்.

தலைக்கு மேல் ஒரு ஸ்பீக்கர். அன்றைய சத்தத்தையே திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தது. போரை நிறுத்து. போரை நிறுத்து. ஆயிரம் தொண்டைகள்.

இதைக் கேட்க நான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரத் தேவையில்லை. அது என்னோடுதான் குடியிருக்கிறது. கேத்திலில் தண்ணீர் கொதித்தாலும் கேட்கிறது, பூசையில் மணி அடித்தாலும் கேட்கிறது.

அன்றைக்கு என் மகள் ஜூலி சண்டை நடந்த வன்னியில் இருந்தாள், இரண்டு பிள்ளைகளோடு பங்கருக்குள். அவளுக்காகத்தான் நான் றோட்டில் ஏறினேன்.

அந்த நாளுக்குப் பிறகு அவள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. இருக்கிறாள் என்கிறான் ஒருவன். இல்லை என்கிறான் இன்னொருவன். இரண்டு பேரையும் நான் நம்புவதில்லை.

"அப்ப, போரை நிறுத்து எண்டு போடட்டோ?" என்றாள் நதீஷா.

"நான் அப்படிச் சொல்லேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

படத்தில் என் முகத்துக்கு அப்பால் விரலால் தொட்டுக் காட்டினேன். கமரா இடது பக்கம் நின்று பிடித்தது. வலது பக்கம் தெரியாது.

அந்தப் பக்கத்துக் காதில் போன் இருந்தது.

போனில் ஜூலி. யாருடையதோ சற்றலைற் போனை இரவல் வாங்கி எனக்குக் கோல் எடுத்திருந்தாள். "அப்பா, நாங்கள் இப்ப வெளிக்கிடுறம். எங்க போறமெண்டால்..." என்றாள். மிச்சத்தை ஆயிரம் தொண்டைகள் விழுங்கின.

மேலே நிற்கும் கை, எங்கள் சனத்தை அடங்கச் சொன்ன கை.

"கத்தாதேங்கோ எண்டனான்," என்றேன். "வேணுமெண்டால் அதைப் போடு."

நதீஷா ஒன்றும் எழுதவில்லை. போய் ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

மண்டபம் அடங்கியது. அன்று நான் கேட்டும் கிடைக்காத அமைதி, இத்தனை வருடம் கழித்து.

என் வலது கை தானாகவே காதுக்குப் போனது.