சுழியில் அரையாத வடை மாவு

பாம்பனில் தெருவுக்கொரு நீர்ச்சுழி ஒதுக்கிய பிறகு யார் வீட்டிலும் கிரைண்டர் கிடையாது. ஏறுகிற கடலும் திரும்புகிற கடலும் பாறை இடுக்கில் மோதினால் சுழி கிளம்பும். உளுந்து டிரம்மை அதில் இறக்கினால் மாவு தயார். காந்திமதியக்காவோ காலண்டரில் நல்ல நேரம் பார்த்து ஒன்பதரைக்கு இறக்கினார். கடல் குளம் மாதிரி கிடந்தது.

ஆக, பெண் பார்க்க வந்தவர்களுக்கு வடை இல்லை. மாப்பிள்ளை யார் தெரியுமா? ஊருக்கே சுழி நேரம் குறித்து அனுப்புகிற அதிகாரி!

“எம் மகன் குறிச்ச நேரத்துக்கு இந்த வீட்டுல மதிப்பில்லையே!” என்று எழுந்துவிட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

அக்கா ஓடிப்போய் வாசலை மறித்தார். “தப்புதான் சம்பந்தி. இனிமே அவர் சொல்ற நேரம்தான் எங்களுக்கு நேரம்.”

“அப்ப வர்ற பௌர்ணமி ஞாயித்துக்கிழமை கல்யாணம். அன்னைக்குத்தான் சுழி பெருசு, ஆயிரம் பேருக்கு அரையும். நாலு மணிக்கு மாவு, அஞ்சு மணிக்குத் தாலி.”

“ஐயோ, அது ராகு காலமாச்சே!”

உள்ளேயிருந்து மகள் நிலானியின் குரல் வந்தது: “அஞ்சு மணியே இருக்கட்டும் அத்தை.”

அத்தையாம்! இன்னும் காபியே கொடுக்கவில்லை.