தாலி இல்லாத சாட்சி

"சாமி மேல சத்தியம் பண்ணும்மா," என்றார் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர்.

"எனக்குச் சாமி கெடையாதுங்க. உண்மையச் சொல்றேன்னு உறுதி வேணா கொடுக்கறேன்."

சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. ஆனாலும் வெள்ளைக்கார நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டார்.

தங்கமணிக்கு இருபத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து காலை ரயிலில் கிள்ளானுக்கு வந்திருந்தாள். எதிர்க் கூண்டில் பட்டறைத் தொழிலாளி அய்யாவு நின்றான். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டக் கோவில் தேருக்குத் தீ வைத்தான் என்று வழக்கு.

"ஒரு சாதிக்காரன் வடத்தைத் தொட்டாத் தீட்டாயிடுற தேரு நமக்கு எதுக்கு?" என்று அவன் மேடையில் பேசியது உண்மை. அடுத்த வாரமே தேர் எரிந்ததும் உண்மை. அவனைக் கண்ணால் கண்டேன் என்று கோவில் நிர்வாகி கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டார்.

"தேர் எரிஞ்ச அன்னிக்கு அய்யாவு எங்க இருந்தான்?" என்று கேட்டார் அய்யாவு தரப்பு வக்கீல்.

"வீட்டுலங்க. மலேரியாக் காய்ச்சல். ரெண்டு நாளா எந்திரிச்சு நிக்கவே முடியல. நான்தான் பக்கத்துல இருந்து கஞ்சி கொடுத்தேன்."

சர்க்கார் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நீ அவன் பெண்டாட்டி. வேற எப்படிச் சொல்லுவே?"

"நான் அவரு பெண்டாட்டி இல்லீங்க."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. பின்பெஞ்சிலிருந்த ராதாகிருஷ்ணன் பாதி எழுந்துவிட்டார். அவர் சுயமரியாதைச் சங்கத்துச் செயலாளர். 1931இல் அய்யாவு, தங்கமணி திருமணத்துக்குத் தலைமை தாங்கியவரே அவர்தான். அய்யாவு கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி அவளையே வெறித்துப் பார்த்தான்.

"ஐயர் வந்து கல்யாணம் நடத்தி வைக்கலையா?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"இல்லீங்க."

"தாலி?"

"கட்டலீங்க. பாருங்க."

வெறுங்கழுத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"மேடையில மாலை மாத்திக்கிட்டதாச் சொல்றாங்களே?"

"அப்படி எதுவுமே நடக்கலீங்க."

"அப்போ அவன் உனக்கு யாரு?"

"யாரும் இல்லீங்க. ஒரே வீட்டுல இருக்கோம். அவ்வளவுதான்."

பின்னால் யாரோ இளித்தார்கள். தங்கமணி தலை நிமிர்ந்தே நின்றாள்.

மதியத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. மொழிபெயர்ப்பாளர் கூச்சத்தோடு ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"கடவுள் பேரால் சத்தியம் செய்ய மறுத்தவள். கல்யாணம் இல்லாமல் ஓர் ஆணோடு வாழ்வதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவள். இப்படிப்பட்டவளின் சொல்லை நம்ப முடியாது. அய்யாவுக்கு ஐந்து வருஷம் கடுங்காவல்."

வெளியே வந்ததும் ராதாகிருஷ்ணன் வெடித்தார். "நூறு பேருக்கு முன்னால நடந்த கல்யாணத்தை நடக்கவே இல்லைன்னு சொல்ல எப்படிம்மா மனசு வந்துச்சு? ஐயர் இல்லாம நடந்தா அது கல்யாணமே இல்லைன்னு ஊரே சொல்லுது. நீயும் அதையே சொல்லிட்டியே!"

"பெண்டாட்டி சாட்சி எடுபடாதுன்னு நம்ம வக்கீல் சொன்னாருண்ணே. புருஷனுக்காகப் பொய் சொல்றான்னு தள்ளிருவாங்களாம். அவருக்குக் காய்ச்சல்னு தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான். வேத்தாளா நின்னு சொன்னா நம்புவாங்கன்னு நானாத்தான் நெனச்சேன்."

ராதாகிருஷ்ணனின் குரல் இறங்கிவிட்டது. "இது அய்யாவுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? லாக்கப்புல பார்க்கவே விடலையே."

ஒரு மாதம் கழித்து, சொந்தக்காரர்களை உள்ளே விடுகிற நாளில், தங்கமணி ஜெயில் வாசலில் நின்றாள். பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த வார்டர் ரெங்கசாமி தமிழர். வயதானவர்.

"யாரைப் பார்க்கணும்?"

"அய்யாவு. ரயில்வே பட்டறை அய்யாவு."

"என்ன உறவு?"

"பெண்டாட்டி."

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதே அவளுக்குத் தெம்பாக இருந்தது. ரெங்கசாமி புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"உறவுன்னு யாருமே இல்லையே, தங்கச்சி."

"நல்லாப் பாருங்கண்ணே. தங்கமணின்னு இருக்கும்."

"நானேதான் அவனைக் கேட்டு எழுதினேன். பெண்டாட்டி உண்டான்னு கேட்டேன். இல்லைன்னுட்டான். தங்கமணின்னு ஒருத்தி வந்தா உள்ள விடாதீங்கன்னும் சொன்னான்."

தங்கமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல நான் சொன்னதை நம்பிட்டாரு," என்றாள். "அண்ணே, எனக்கு இப்ப நாலு மாசம். அதை மட்டுமாவது அவருகிட்ட நேர்ல சொல்லிட்டுப் போயிடறேன். ஒரு நிமிஷம் போதும்."

ரெங்கசாமி புத்தகத்தை மூடினார். வாசலில் நின்ற காவலாளி வேறு பக்கம் திரும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நாலு மாசங்கறதை நான் அவன்கிட்டச் சொல்லிடறேன். நீ சீக்கிரம் இங்கிருந்து போயிடு, தங்கச்சி. 'அவ என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னா. பெண்டாட்டின்னு நான் ஒரு வார்த்தை சொன்னாலும் பொய்ச்சாட்சி சொன்னதா அவளையும் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."